சிவகாசி வெடியும் சூப்பர்நோவாவும்: இந்தத் தூரக் கணக்கை நம்பலாமா?

பெங்களூர் முருகேஷ்பாளையம் அண்ணன் கேட்டது:
சூப்பர்நோவா எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வெடிக்கும், அதை வைத்துத்தான் கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தை அளக்கிறோம் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். சிவகாசியில் ஒரே பெட்டியில் வாங்கிய வெடியிலேயே ஒன்று டமால் என்கிறது, ஒன்று புஸ் என்று போகிறது. நட்சத்திரம் மட்டும் தராசில் நிறுத்து வைத்த மாதிரி வெடிக்குமா? யாராவது டேப் பிடித்துப் பார்த்தார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

2025 ஜூன் 8, இரவு 10.40

அண்ணே, ஒரே வெளிச்சத்தில் வெடிக்காது. அதில் நியாயம் உங்கள் பக்கம். ஆனால் ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த வெடி எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைச்சல் என்று வெடியே காட்டிக்கொடுத்தால் போதும். காட்டிக்கொடுக்கிறது.

முதலில் எந்த வெடி என்று பிரித்துக்கொள்வோம். கனமான நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து, உள்ளே இடிந்து விழுந்து வெடிப்பது ஒரு ரகம். அதில் ஒன்றுக்கொன்று ஏகப்பட்ட வித்தியாசம். தூரம் அளக்கப் பெரிதும் நம்புவது 1ஏ என்ற ரகத்தை. அங்கே வெடிப்பது வெண்குள்ளன்: சூரியன் அளவு எடை, பூமி அளவு உருவம், உள்ளே கார்பனும் ஆக்சிஜனும். பக்கத்துத் துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை இழுத்து இழுத்து எடை ஏறி, சூரியனைப் போல 1.4 மடங்கை நெருங்கும்போது கார்பன் பற்றிக்கொள்கிறது. சில வினாடிகளில் மொத்த நட்சத்திரமும் காலி. அந்த 1.4 நம்ம விஞ்ஞானி சந்திரசேகர் போட்ட கணக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது வயது 19. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், தாண்டிப் போகிறேன்.

வாரக்கணக்கில் நமக்குத் தெரிகிற வெளிச்சம் வெடித்த தீ இல்லை. வெடிப்பில் உண்டாகும் நிக்கல்-56 என்ற கதிரியக்கப் பொருள், ஏறக்குறைய 6 நாள் அரை ஆயுளில் (பாதி சிதைய ஆகும் காலம் அது) கோபால்ட் ஆகிறது. கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பு ஆகிறது. அந்தச் சிதைவின் சூட்டில்தான் சிதறிய குப்பை ஒளிர்கிறது. வழக்கமான 1ஏ வெடிப்பில் சூரிய எடையில் 0.6 பங்கு அளவுக்கு நிக்கல் உண்டாகும். நிக்கல் எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். ஆகவே உங்கள் டமாலுக்கும் புஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது நிக்கல் கணக்கு.

இப்போது முக்கியமான இடம். 1993-இல் மார்க் ஃபிலிப்ஸ் ஒன்றை அழுத்தமாகக் காட்டினார்: பிரகாசமாக வெடித்தது மெதுவாக மங்குகிறது, மங்கலாக வெடித்தது சட்டென்று மங்குகிறது. உச்சத்துக்குப் பிறகு 15 நாளில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தால், உச்சத்தில் உண்மையில் எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். சத்தம் கேட்காத தூரத்தில் நின்றாலும், புகை எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து எந்த வெடி என்று சொல்வது மாதிரி.

இந்தத் திருத்தம் போட்ட பிறகு ஒரு தனி சூப்பர்நோவாவுக்குத் தூரத்தில் 7 சதவீதம் அளவுக்குத்தான் பிழை நிற்கிறது. இங்கே சர்ஜாபூர் ரோட்டில் வீட்டுப் புரோக்கர் சொல்லும் "மெட்ரோவுக்கு அஞ்சே நிமிஷம்" இதைவிட மோசம்.

ஜூன் 8, இரவு 11.55

திருவாதிரை வெடிக்கப் போகிறதே, அதை வைத்து அளக்கலாமா என்று ஹெப்பால் தம்பி கேட்கிறார். தம்பி, அது முதல் ரகம். கனமான நட்சத்திரம், உள்ளே இடிந்து விழும் கேஸ். 2019 கடைசியில் அது மங்கியபோது என் அத்தையின் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த திங்கட்கிழமை இரண்டு சூரியன் என்று தகவல் வந்தது. தூசியைக் கக்கி மங்கியது, 2020 பிப்ரவரிக்குப் பிறகு திரும்ப ஏறிவிட்டது. எப்போது வெடிக்கும் என்றால், லட்சம் வருஷம்கூட ஆகலாம்.

தூங்கப் போகிறேன்.

ஜூன் 10, காலை

"கணக்கில் நம்பிக்கை இல்லை" என்றீர்கள். சரி, கணக்கை நீங்களே போடுங்கள். போனில் கால்குலேட்டர் போதும்.

2011 ஆகஸ்டில் எம்101 என்ற சுருள் கேலக்ஸியில் ஒரு 1ஏ வெடித்தது. பெயர் 2011எஃப்ஈ. வெடித்த சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். உச்சத்தில் அதன் தோற்ற ஒளியளவு, அதாவது இங்கிருந்து பார்க்கத் தெரிகிற வெளிச்சத்தின் எண், சுமார் 10. வழக்கமான 1ஏ உச்சத்தின் உண்மை ஒளியளவு, அதாவது 32.6 ஒளியாண்டில் வைத்துப் பார்த்தால் தெரிவது, சுமார் மைனஸ் 19.3. (எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம், மறந்துவிடாதீர்கள்.) 450 கோடி சூரியன் ஒன்றாக எரிகிற வெளிச்சம் அது.

10-இலிருந்து மைனஸ் 19.3-ஐக் கழித்தால் 29.3. அதோடு 5 கூட்டினால் 34.3. அதை 5-ஆல் வகுத்தால் 6.86. பத்தை 6.86 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 72 லட்சம் பார்செக். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. பெருக்கினால் ஏறக்குறைய 2 கோடியே 36 லட்சம் ஒளியாண்டு.

அதே எம்101-க்கு வேறு வழியில், செபீட் என்ற துடிக்கிற நட்சத்திரங்களை வைத்து வரும் தூரம் 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு பக்கம். நாம் டீ ஆறுவதற்குள் போட்ட கணக்கு 12 சதவீதம் தள்ளி நிற்கிறது. ஃபிலிப்ஸின் 15 நாள் திருத்தமும் போடவில்லை, தூசியையும் பார்க்கவில்லை, ஒளியளவையும் முழு எண்ணாக்கினோம். அதற்கு இது மோசமில்லை.

இந்த ஒளியளவு முறை, அதாவது 5 படி இறங்கினால் சரியாக 100 மடங்கு வெளிச்சம் என்ற வரையறை, நார்மன் போக்ஸன் 1856-இல் முன்வைத்தது. அவர் 1861-இல் மெட்ராஸ் வானோக்ககத்துக்கு வந்து, 1891-இல் இறக்கும் வரை அங்கேயே வேலை பார்த்தார். இடம் நுங்கம்பாக்கம். புயல் வந்தால் டிவியில் காட்டுவார்களே வானிலை மையம், அந்த வளாகம்தான். பழைய வானோக்ககத்தின் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. அந்த வானோக்ககத்தின் வாரிசுதான் பிறகு கொடைக்கானல் போய், கடைசியில் நம்ம கோரமங்கலாவில் இந்திய வான்இயற்பியல் மையமாக உட்கார்ந்திருக்கிறது. ஆக இந்தக் கணக்கின் அளவுகோலும் நம்மைப் போலவே சென்னையில் இருந்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வந்ததுதான்.

ஜூன் 11

ஜாலஹள்ளி அக்கா சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: "மைனஸ் 19.3 எங்கிருந்து வந்தது? தூரம் தெரிந்தால்தானே உண்மை வெளிச்சம் தெரியும்? உண்மை வெளிச்சம் தெரிந்தால்தானே தூரம்? இது சுற்றுக் கணக்கு."

ஃபேக்டரியில் கேஜ் சரிபார்த்த கைக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். அக்கா, தனியாக நிற்கும் சூப்பர்நோவாவால் தூரம் சொல்ல முடியாது. அதற்குக் கீழே ஒரு ஏணி இருக்கிறது.

அடிப்படி: டேப். ஆமாம் அண்ணே, டேப் இருக்கிறது, 30 கோடி கிலோமீட்டர் நீளம். பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் குறுக்களவு அது. ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை பார்த்தால் பக்கத்து நட்சத்திரம் பின்னணியில் துளி நகர்ந்திருக்கும். கோணத்தை அளந்தால் வெறும் பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. கையா விண்கலம் 100 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இதைச் செய்தது.

அடுத்த படி: செபீட். துடிக்கிற நட்சத்திரங்கள். ஹென்றியேட்டா லெவிட் 1912-இல் சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள 25 செபீட்களை வைத்துக் காட்டினார்: துடிப்பு மெதுவானால் வெளிச்சம் அதிகம். அந்த மேகத்தில் இருப்பவை எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால் ஒப்பிடுவது சுலபம். கையா அளந்த பக்கத்துச் செபீட்களை வைத்து அந்த விதிக்கு எண் போடுகிறோம். இதைச் சரிபார்க்க வேறு இரண்டு ஊன்றுகோலும் உண்டு. பெரிய மெகல்லன் மேகத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்கள் வழியாக வந்த தூரம் (சுமார் 1.62 லட்சம் ஒளியாண்டு, பிழை 1 சதவீதம்) ஒன்று. என்ஜிசி 4258 கேலக்ஸியில் கருந்துளையைச் சுற்றும் நீராவி மேகங்களின் ரேடியோ அலையை வைத்து வந்த தூரம் இன்னொன்று.

மூன்றாவது படி: செபீட்டும் தெரிய வேண்டும், 1ஏ சூப்பர்நோவாவும் வெடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேலக்ஸியில்தான் மைனஸ் 19.3 கிடைக்கிறது. ஆடம் ரீஸ் குழு 2022-இல் வெளியிட்ட கணக்கில் 37 கேலக்ஸியில் 42 சூப்பர்நோவா. இத்தனை வருஷம் தேடியும் 42-தான். ஒரு கேலக்ஸியில் 1ஏ வெடிப்பதே சில நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் என்ன செய்வது.

அதற்கு மேலே செபீட் தெரியாது. வெடிதான்.

ஆக, சுற்றுக் கணக்கு இல்லை. ஆனால் கீழ்ப்படியில் 2 சதவீதம் ஆடினால் மேலே உள்ள எல்லாமே 2 சதவீதம் ஆடும். இதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 14, சனி

வானம் முழுக்க மேகம். ஜூன் மாதம் பெங்களூரில் டெலஸ்கோப் வைத்திருப்பவனும் குடை விற்காதவனும் ஒன்றுதான். எனவே பழைய கதை.

2014 ஜனவரி 21. லண்டன் பல்கலைக்கழக வானோக்ககத்தில் ஸ்டீவ் ஃபாஸி மாணவர்களுக்கு கேமரா இயக்கக் காட்டிக்கொண்டிருந்தார். மேகம் மூடிக்கொண்டு வந்ததால் சட்டென்று ஏதாவது பிரகாசமான பொருளைப் பார்க்கலாம் என்று எம்82 என்ற கேலக்ஸிக்குத் திருப்பினார்கள். அதில் முந்தைய படங்களில் இல்லாத ஒரு புள்ளி. அதுதான் 2014ஜே. பல பத்தாண்டுகளில் நமக்கு இவ்வளவு பக்கத்தில் வெடித்த 1ஏ வேறில்லை. சுமார் 1.2 கோடி ஒளியாண்டு.

நாங்கள் பிப்ரவரியில் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் நண்பரின் மாமனார் தோப்புக்குப் போனோம். பெங்களூரில் இருந்து எம்82 வடக்கு வானத்தில் 33 டிகிரிக்கு மேல் ஏறாது. ஓசூர்ப் பக்கம் இருந்து பார்த்தால் அந்த வடக்குத் திசையில்தான் பெங்களூர் வெளிச்சம் கொட்டுகிறது, அதனால் எவ்வளவு தெற்கே போக முடியுமோ அவ்வளவு போனோம். தோப்புக் காவல்காரர் யானை வரும், லைட்டை அணைக்காதீர்கள் என்கிறார். நாங்கள் லைட் எரிந்தால் கண் பழகாது, அணையுங்கள் என்கிறோம். கடைசியில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் சமாதானம் ஆனது. அதைப் பார்த்து யானை என்ன நினைக்குமோ என்று அவர் முனகிக்கொண்டே போனார்.

எட்டு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப். குறைந்த உருப்பெருக்கத்தில் பக்கத்துக் கேலக்ஸி எம்81 வட்டப் பஞ்சாகவும் எம்82 மெல்லிய கீற்றாகவும் ஒரே பார்வையில் தெரிந்தன. கீற்றின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. படத்தில் பார்த்த ஆரஞ்சு நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையாகக்கூட இல்லை, வெறும் புள்ளி.

அதன் வெளிச்சத்தைக் கண்ணாலேயே மதிப்பிடுவது எப்படி என்றால், பக்கத்தில் ஒளியளவு தெரிந்த நட்சத்திரங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போவது. இதைவிட இது மங்கல், அதைவிட இது பிரகாசம், இரண்டுக்கும் நடுவில் எத்தனை பங்கில் நிற்கிறது என்று பார்ப்பது. புள்ளியை நேராக முறைத்தால் போய்விடும். கொஞ்சம் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஐபீஸில் மூச்சுக்காற்று பட்டுப் பனி படர்ந்துகொண்டே இருந்தது. நண்பர் ஒரு மதிப்புச் சொன்னார், நான் ஒன்று சொன்னேன். இருவரும் 10.5-ஐச் சுற்றித்தான் இருந்தோம்.

இப்போது 10-ஆம் தேதிக் கணக்கை இதற்குப் போடுங்கள். 10.5-இலிருந்து மைனஸ் 19.3-ஐக் கழித்தால் 29.8, 5 கூட்டி 34.8; வகுத்தால் 6.96, 91 லட்சம் பார்செக், கிட்டத்தட்ட 3 கோடி ஒளியாண்டு.

உண்மை 1.2 கோடி. இரண்டரை மடங்கு தப்பு!

அண்ணன் இப்போது சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் வெடி ஏமாற்றவில்லை. எம்82 முழுக்கத் தூசி. தூசி வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. குடிக்கும்போது நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் குடிக்கும். 1ஏ-வின் இயல்பான நிறம் நமக்குத் தெரியும் என்பதால், எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு குடித்தது என்று சொல்லலாம். இதற்கு சுமார் 2 ஒளியளவு போயிருந்தது. திருப்பிக் கூட்டிக்கொண்டால் 8.4 பக்கம், அதாவது பைனாகுலரிலேயே தெரிந்திருக்க வேண்டியது. 8.4 போட்டுப் பாருங்கள், தூரம் சரியாக வந்து உட்காரும்.

அதனால்தான் பல நிற வடிகட்டிகளில் அளக்கிறார்கள். ஒரே நிறத்தில் அளந்த சூப்பர்நோவாவை நான் தூரத்துக்கு நம்பவே மாட்டேன். வெடியின் இயற்பியலைவிட எனக்கு எப்போதும் பயம் தூசிதான். அதுவும் எல்லா ஊர்த் தூசியும் ஒரே மாதிரி குடிக்காது. எம்82-இன் தூசி நம் பால்வீதித் தூசியைவிட வேறு குணம் காட்டியது.

இன்னொன்று. அதே 2014ஜே-யிலிருந்துதான் கோபால்ட்-56 சிதைவின் காமா கதிர்களை இன்டெக்ரல் விண்கலம் நேரடியாகப் பிடித்தது. நிக்கல் கதை வெறும் காகிதக் கணக்கு இல்லை.

ஜூன் 15

பெங்களூருக்குள் இருந்து தெரியுமா என்று கேட்டவர்களுக்கு: என் மொட்டை மாடியில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு இரவு முழுக்க ஃப்ளட்லைட். தொட்டியை யார் திருடுவார்கள் என்று சங்கத்தில் கேட்டேன். பாதுகாப்பு என்றார்கள். கேலக்ஸிகளை விடுங்கள், சப்தரிஷி மண்டலத்தில் ஏழு தெரிந்தால் அன்று நல்ல நாள்.

ஆனால் பெங்களூரில் உட்கார்ந்து சூப்பர்நோவா பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹொசகோட்டேயில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்து, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியை செயற்கைக்கோள் இணைப்பில் இங்கிருந்தே இயக்குகிறார்கள். 2014ஜே-யையும் அதில் பார்த்தார்கள். வெளியே ஹொசகோட்டே பிரியாணிக்கு விடியற்காலையில் கியூ நிற்கிறதே, அதே நேரத்தில் உள்ளே ஒருவர் ஹான்லே இரவை முடித்துக்கொண்டிருப்பார்.

ஜூன் 17

"சூப்பர்நோவாவை வைத்துத் தப்பாகத் தூரம் சொன்னதே இல்லையா?" என்று அண்ணன். உண்டு. அருமையான கதை.

1885-இல் ஆண்ட்ரோமீடாவில் ஒரு புதிய நட்சத்திரம் தோன்றியது. வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லையில், ஒளியளவு 6 பக்கம். அப்போது சூப்பர்நோவா என்று ஒரு ரகமே யாருக்கும் தெரியாது. அதைவிட மிக மங்கலான சாதாரண நோவாதான் தெரியும். 1920-இல் வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லியும் ஹீபர் கர்டிஸும் மோதினார்கள்: ஆண்ட்ரோமீடா பால்வீதிக்கு உள்ளே இருக்கும் மேகமா, வெளியே இருக்கும் தனி உலகமா? ஷாப்லி கையில் 1885 வெடிப்பு ஒரு ஆயுதம். ஆண்ட்ரோமீடா அவ்வளவு தூரம் என்றால் அந்த வெடிப்பு கோடிக்கணக்கான சூரியன் அளவுக்கு எரிந்திருக்க வேண்டும், அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது என்றார். நோவாவில் இரண்டு ரகம் இருக்கலாமே என்பது கர்டிஸ் பக்கம்.

1923-இல் ஹபிள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு செபீட்டைப் பிடித்தார். தூரம் 9 லட்சம் ஒளியாண்டு என்று வந்தது. ஷாப்லி கட்சி அவுட். கோடிக்கணக்கான சூரியன் அளவுக்கு எரிகிற பொருள் நிஜமாகவே இருந்தது. 1934-இல் பாடேயும் ஸ்விக்கியும் அதற்குத் தனி ரகம் ஒதுக்கி சூப்பர்நோவா என்றார்கள்.

ஹபிளின் 9 லட்சமும் நிற்கவில்லை. செபீட்டிலேயே இரண்டு ரகம் என்று 1952-இல் பாடே காட்ட, பிரபஞ்சத்தின் எல்லாத் தூரமும் ஒரே நாளில் இரண்டு மடங்கானது. இன்றைக்கு ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு. அக்கா கேட்டது இதைத்தான். படி ஆடினால் ஏணியே ஆடும்.

ஜூன் 21

பிரபஞ்ச விரிவு வேகம் பிடிக்கிறது என்று தெரிந்த 1998-க்கு வருகிறேன், ஹெப்பால் தம்பி அவசரப்படுத்துகிறார்.

அதற்கு முந்தைய பிரச்சினை இதுதான்: தூரத்து சூப்பர்நோவா எப்போது எங்கே வெடிக்கும் என்று தெரியாமல் ஹபிள் தொலைநோக்கியில் நேரம் கேட்டால் எவன் கொடுப்பான்? சால் பெர்ல்மட்டர் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. அமாவாசை முடிந்த கையோடு சிலியில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளைப் படம் எடு. மூன்று வாரம் கழித்து, அடுத்த அமாவாசைக்குச் சற்று முன்னால், அதே இடங்களைத் திரும்ப எடு. இரண்டையும் கழி. புதிதாக முளைத்ததெல்லாம் சூப்பர்நோவா. 1ஏ உச்சத்துக்கு ஏற மூன்று வாரத்துக்குள்தான் ஆகும் என்பதால் பிடிபட்டவை பெரும்பாலும் ஏறிக்கொண்டிருக்கும். அதன்பின் இருண்ட வானம் கையில் இருக்கும். தேதி குறித்துக் கல்யாண மண்டபம் புக் செய்வது போல் பெரிய தொலைநோக்கிகளை முன்கூட்டியே கேட்டு வைத்தார்கள்.

நிறமாலையில் சிலிக்கான் கோடு இருக்கிறதா, ஹைட்ரஜன் இல்லையா என்று பார்த்தால் 1ஏ உறுதி. கோடுகள் எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்பதில், ஒளி கிளம்பியதிலிருந்து பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிந்தது என்று தெரியும். வெளிச்சத்தில் தூரம் தெரியும். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் விரிவின் சரித்திரம்.

எல்லோரும் எதிர்பார்த்தது, ஈர்ப்பு பிடித்து இழுப்பதால் விரிவு மெல்ல மெல்லக் குறைந்திருக்கும் என்று. பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் குழுவின் 16 தூரத்து சூப்பர்நோவாக்களும் சரி, பெர்ல்மட்டர் குழுவின் 42-உம் சரி, எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. ரீஸ் கணக்கில் தூரம் 10 முதல் 15 சதவீதம் கூடுதல். விரிவு வேகம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வேகப்படுத்துவது எதுவோ அதற்குக் கரும் ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள், 2011-இல் மூவருக்கும் நோபல்.

இங்கே அண்ணன் எழுதப்போவது எனக்குத் தெரியும்: "மங்கலாக இருந்தால் தூசிதானே? நீங்களே 14-ஆம் தேதி சொன்னீர்கள்." தூசி என்றால் சிவந்திருக்க வேண்டும், சிவக்கவில்லை. சிவக்காத சாம்பல் தூசி என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டாலும், இன்னும் தூரத்தில் இருப்பவை இன்னும் மங்கலாகிக்கொண்டே போக வேண்டும். மிகத் தூரத்தில் பிடித்த சூப்பர்நோவாக்கள் அப்படிப் போகாமல், அந்தக் காலத்தில் விரிவு மெதுவாகிக்கொண்டிருந்ததையே காட்டின.

எனக்குப் பிடித்த சாட்சி வேறு. 20 நாளில் நடக்க வேண்டிய ஏற்ற இறக்கம், செம்பெயர்ச்சி 0.5 உள்ள (அதாவது ஒளி கிளம்பியதிலிருந்து பிரபஞ்சம் 1.5 மடங்கு விரிந்துவிட்ட) சூப்பர்நோவாவில் 30 நாளாக நீண்டு தெரிகிறது. ஒளி வழியில் களைத்துப்போய் சிவக்கிறது என்று வாதாடிய கட்சிக்கு இதற்குப் பதில் இல்லை. விரிவு நேரத்தையே இழுக்கிறது. கோபால்ட்டை யார் இழுத்துப் பிடிக்க முடியும்?

ஜூன் 24

ரூபின் வானோக்ககத்தின் முதல் படங்கள் நேற்று வந்துவிட்டன. 8.4 மீட்டர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. தெற்கு வானத்தைச் சில இரவுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப எடுக்கும். பெர்ல்மட்டர் மூன்று வாரம் காத்திருந்து செய்ததை அது தினசரி வேலையாகச் செய்யும். 1998-இல் 42 சூப்பர்நோவாவுக்கு இத்தனை பாடு. இனி லட்சக்கணக்கில் வரும்.

ஆபீஸில் ஜன்னலைச் சுருக்கி வைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஸ்டாண்டப் மீட்டிங் போய்விட்டது. டீம் லீட் கன்னடக்காரர், எட்டிப் பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 28

8-ஆம் தேதி எழுதிய 1.4 கதையை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும். அது பாடப்புத்தக வடிவம். துணை நட்சத்திரத்திடம் பொருளை இழுத்து 1.4-ஐத் தொட்டு வெடிப்பது ஒரு வழி. இரண்டு வெண்குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுருங்கி மோதிக்கொள்வது இன்னொரு வழி. 2011எஃப்ஈ வெடித்த இடத்தின் பழைய ஹபிள் படங்களைத் தோண்டிப் பார்த்ததில் அங்கே செந்தானவன் (வயதாகி ஊதிச் சிவந்த நட்சத்திரம்) துணை ஏதும் இல்லை. 1.4-ஐத் தொடும் முன்பே மேல்தோலில் ஹீலியம் பற்றி உள்ளே வெடிக்க வைக்கும் வழியையும் இப்போது பலர் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் வினோதம்தான். எப்படி வெடிக்கிறது என்று முழுசாகத் தெரியாத ஒன்றை வைத்துப் பிரபஞ்சத்தை அளக்கிறோம். அண்ணனின் முதல் சந்தேகத்துக்கு என்னிடம் மரியாதை கூடியிருக்கிறது. ஆனால் ஃபிலிப்ஸ் விதி எந்தக் கோட்பாட்டிலிருந்தும் வரவில்லை, அளந்து பார்த்து வந்தது. காரணம் தெரியாவிட்டாலும் அளவு நிற்கும்.

எங்கே நிற்கவில்லை என்றால், கடைசி எண்ணில். பிரபஞ்சம் இப்போது எவ்வளவு வேகமாக விரிகிறது? சூப்பர்நோவா ஏணி சொல்வது 73 (ஒவ்வொரு 10 லட்சம் பார்செக்குக்கும் வினாடிக்கு 73 கிலோமீட்டர்). பிளாங்க் விண்கலம் பிரபஞ்சத்தின் ஆதிகால ஒளியின் மிச்சமான நுண்ணலைப் பின்னணியிலிருந்து சொல்வது 67.4. இருவரும் தங்கள் பிழை 1 அல்லது அதற்குள் என்கிறார்கள். 8 சதவீத வித்தியாசம்.

நட்சத்திர நெரிசலில் செபீட்டின் வெளிச்சத்தோடு பக்கத்து நட்சத்திர வெளிச்சமும் கலந்துவிட்டது, அதுதான் கோளாறு என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கூர்மையாகப் பார்த்த பிறகு 2024-இல் அந்த வாதம் படுத்துவிட்டது. செபீட்கள் ஹபிள் தொலைநோக்கி சொன்ன இடத்திலேயே இருந்தன. ஆனால் வெண்டி ஃப்ரீட்மன் குழு அதே ஜேம்ஸ் வெப்பில் வேறு ரக நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்த்து 70 பக்கம் சொல்கிறது. இன்றைய தேதிக்கு என் பணம் 70, 71 மேல். ஒரு பிளேட் மசால் தோசை பந்தயம், அதற்கு மேல் போகமாட்டேன்.

ஜூன் 29

அக்காவுக்கு: ஆமாம், மார்ச்சில் வந்த டெசி என்ற கேலக்ஸி அளவீட்டுத் திட்டத்தின் முடிவைப் பார்த்தேன். கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறது என்று ஒரு சாயல். ஆனால் கூட எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து சாயலின் அழுத்தம் 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை மாறுகிறது (சிக்மா ஏற ஏற அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு). ஒரே வானம், ஒரே வெடிகள் பலவும் பொது, தொகுத்த கை மட்டும் வேறு. கேஜ் சரிபார்க்கிறவருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 2, இரவு

ஏணியே இல்லாமல் சூப்பர்நோவாவை வைத்து அளக்க முடியாதா என்று தம்பி கேட்டது நல்ல கேள்வி. முடியும். 1964-இலேயே ஷூர் ரெஃப்ஸ்டால் சொன்ன வழி. நடுவில் கனமான ஒரு கேலக்ஸிக் கூட்டம் இருந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து ஒரே சூப்பர்நோவாவைப் பல இடத்தில் காட்டும். ஒவ்வொரு பாதையும் வேறு நீளம் என்பதால் ஒரே வெடி வெவ்வேறு தேதியில் வந்து சேரும். தேதி வித்தியாசத்தை அளந்தால் விரிவு வேகம் நேரடியாக வரும். செபீட் வேண்டாம், மைனஸ் 19.3 வேண்டாம்.

2014-இல் ஹபிள் படத்தில் அப்படி ஒன்று சிக்கியது, ஒரே வெடி நான்கு புள்ளியாக. ரெஃப்ஸ்டால் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதே வெடி இன்னொரு இடத்தில் இன்னும் வரவில்லை, சுமார் ஒரு வருஷத்தில் வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2015 டிசம்பரில் சொன்ன இடத்தில் வந்து நின்றது. கண்ணுக்குத் தெரியும் முன்னால் இடமும் காலமும் சொல்லிப் பிடித்த ஒரே ரகம் இதுதான்.

2023-இல் அதிலிருந்து வந்த எண் 65-க்கும் 67-க்கும் பக்கம். பிளாங்க் கட்சி கைதட்டியது.

ஜூலை 2, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

அண்ணன் கேட்கிறார்: "அப்போ 67 ஜெயித்துவிட்டதா? தோசை யாருக்கு?"

அவசரம் வேண்டாம் அண்ணே. 2023-இல் ஜேம்ஸ் வெப் இதே மாதிரி இன்னொன்றைப் பிடித்தது, இந்தத் தடவை அசல் 1ஏ, மூன்று புள்ளியாக. அதிலிருந்து வந்த எண் 75.4. பிழை மேல்பக்கம் 8, கீழ்ப்பக்கம் 5.5. ரெஃப்ஸ்டால் வெடியின் பிழையும் 4 பக்கம். இரண்டு எண்ணும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன, 67-உம் 73-உம் இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்கார இடம் இருக்கிறது. இந்த மாதிரி இன்னும் சில டஜன் வெடி வேண்டும். ரூபின் கொண்டுவரும். தோசைக்கு இப்போதைக்கு அவரவர் காசு.